அப்பாவின் படத்தில் இருப்பவர்

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் படையல். இருபத்திரண்டாவது வருஷம். நண்டுப் பிரட்டல், அவித்த முட்டை, ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர்... அவர் இருந்த காலத்தில் ஸ்டவுட்டை ஒளித்து வைத்த அதே அம்மாதான் இப்போது மூடியைத் திறந்து வைக்கிறார். செத்தால்தான் மரியாதை, போங்கள்!

இந்த வருஷம் படம் புதுசு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லவே ஒரு மாதிரியாக இருக்கிறது.

அப்பாவின் பழைய படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் புக்கிட் செலம்பாவ் வீட்டில் வெள்ளம் புகுந்தபோது ஆல்பத்தோடு கூழாகிவிட்டது. தப்பித்த அந்த ஒன்றிலும் பூஞ்சை பிடித்து, பாதி முகம் வெளுத்துக் கிடந்தது. குருண் டவுனில் பேக்டரி வேலை பார்க்கும் என் தம்பி குணா, இரண்டு மாசத்துக்கு முன்னால் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து ஏதோ ஒரு ஆப்பில் போட்டான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பா வந்துவிட்டார்! பளிச்சென்று, கலரில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

"அப்படியே இருக்காருடா..." என்று அம்மா அழுதார். நானும்தான் அழுதேன்.

பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினோம். சரி, பழைய படம்? பாழான படத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சாமி படமோ, ஆள் படமோ, ஆற்றில் விட்டுவிட வேண்டும். வாழை இலையில் வைத்து, சூடம் காட்டி, மூடா ஆற்றில் விட்டது யார் என்கிறீர்கள்? நான்தான். என் கையாலேயே.

படையலுக்குப் பாடாங் செராயிலிருந்து மாரியப்பன் மாமா வந்திருந்தார். எஸ்டேட்டில் அப்பா ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டினார். பக்கத்து சீட்டில் கெலிண்டானாக, அதாவது லோரிக்கு உதவியாளாக, பதினாறு வருஷம் உட்கார்ந்து போனவர் மாமா. கும்பிட வந்தவர் படத்துக்கு முன்னால் நின்றார். கை கூப்பவில்லை.

"யாரும்மா இது?"

"என்ன மாமா, அப்பாதான்!"

"உங்கப்பனா? அவன் எப்பம்மா பல்லக் காட்டிச் சிரிச்சான்? முன்பல்லு ரெண்டு கெடையாதுலா அவனுக்கு. வாய மூடிக்கிட்டுத்தான் சிரிப்பான். புருவத்துல வெட்டு எங்க? லோரி சங்கிலி அறுந்து அடிச்ச வெட்டு... நாந்தானே துண்ட வச்சு அமுக்குனேன்! இப்ப நான் யாரைக் கும்பிடறது?"

கூடத்தில் இருந்த எல்லோரும் அண்ணாந்து படத்தைப் பார்த்தோம். ஆப்புக்கு என்ன தெரியும், பாவம்? தழும்பை, படத்தில் விழுந்த கீறல் என்று நினைத்துத் துடைத்திருக்கிறது. மூடிய வாய் பூஞ்சையில் மறைந்திருந்ததால், தன் இஷ்டத்துக்கு ஒரு வாயைத் திறந்து பல் வரிசையை வைத்திருக்கிறது.

"வெட்டு இருந்துச்சுதான்... வலது பக்கம்" என்றார் அம்மா. "இடது" என்றான் குணா. எனக்கு? சத்தியமாகத் தெரியவில்லை. பெற்ற அப்பா முகம்! தெரியவில்லை.

"இடதும்மா. பதினாறு வருஷம் அந்தப் பக்கம்தானே உக்காந்திருந்தேன்" என்றார் மாமா.

பழைய படத்தைப் பிடித்தது போனில் இருக்குமே என்று குணா தேடினான். தேடத் தேட அவன் முகம் செத்துப்போனது. "அக்கா... ஒரே மாதிரி ரெண்டு படம் இருக்கு, மங்கலா இருக்கறத அழிச்சிடவான்னு போன் கேட்டுச்சு. நான் ஓக்கே குடுத்துட்டேன்லா..." போனின் குப்பைத் தொட்டியிலும் இல்லை. நாளாகிவிட்டதாம்.

யாரைத் திட்டுவது? என் மகளின் போன் நம்பர் எனக்குத் தெரியாது. சமைக்கும் குழம்புக்குக்கூட வீடியோ பார்க்கிறேன். 'போனில் இருக்கு' என்று சொன்ன மறு நொடியே மண்டை அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கையை உதறிக்கொள்கிறது. சாமான் லிஸ்டை இறக்கி வைத்தோம், சரி. அப்பாவையுமா? மறந்திருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது. மறந்த இடம் காலியாகக் கிடக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே!

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். வேற்று ஆம்பிளை முன்னால் நிற்கும்போது மூடிக்கொள்வாரே, அந்த மாதிரி. "ரெண்டு மாசமா இந்த ஆளுகிட்டயா என் கஷ்டத்தையெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன்?" என்றார்.

ஒருவழியாகச் சாப்பிட உட்கார்ந்தோம். மாமா சோற்றைப் பிசைந்தபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார், பார்த்தார்... கை நின்றுவிட்டது.

"மூக்கு... இப்படித்தான் இருந்துச்சோ?"

அவர் குரலில் அப்படி ஒரு பயத்தை நான் கேட்டதே இல்லை. சட்டென்று எழுந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"இனிமே பாக்க மாட்டேம்மா. இன்னும் கொஞ்ச நேரம் பாத்தேன்னா, என்கிட்ட இருக்கறவனும் போயிருவான்."

அப்படியே சாப்பிட்டு முடித்தார். போகும்போதும் திரும்பவில்லை. அப்பாவைப் பத்திரமாகத் தன்னோடு பாடாங் செராய்க்குக் கொண்டுபோய்விட்டார். பொறாமையாக இருந்தது.

படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டோம், சுவரைப் பார்த்தபடி. தினமும் கண்ணை மூடிக்கொண்டு "அப்பா..." என்று கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

திரும்பிப் பார்ப்பது அந்த ஆள்தான்.