கொட்டகலையில் ஒரு துணி யானை

கொட்டகலைக்குச் சற்று முன்னால் பஸ் நின்றுவிடுகிறது. எதிரே தேயிலைத் தோட்டத்துக் கோயில் தேர் வருகிறதாம். இறங்கிப் பார்க்கிறேன். தேருக்கு முன்னால் ஒரு யானை, நான்கு கால்களிலும் ரப்பர் செருப்போடு ஆடிக்கொண்டு வருகிறது.

மூங்கில் சட்டத்தின் மேல் சாம்பல் நிறத் துணி; தும்பிக்கைக்கு வாஷிங் மெஷின் குழாய். உள்ளே இரண்டு ஆட்கள். முன்கால்காரர் தப்பு மேளச் சத்தத்துக்குக் குதிக்கிறார். பின்கால்காரருக்கோ தாளம் பிடிபடவே இல்லை, யானையின் பின்பக்கம் மட்டும் தனி ஊர்வலம் போகிறது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது.

திடீரென்று சரவெடி. முன்பாதி இடப்பக்கம் பாய்கிறது, பின்பாதி வலப்பக்கம். யானை வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குரல்: "எவன்டா வெடி வச்சவன்? காலு வெந்துபோச்சுடா!"

அடுத்து வரும் வார்த்தைகளைச் சாமி முன்னால் எழுத முடியாது. கூட்டமே கைகொட்டிச் சிரிக்கிறது. கோயில் கமிட்டிக்காரர் ஓடிவந்து மிச்ச வெடியைப் பிடுங்கிக்கொள்கிறார்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவர் பக்கத்தில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

"எப்பவும் துணி யானைதானாங்க?" என்று கேட்கிறேன்.

"இல்லீங்க, போன வருஷம் நெஜ யானை கொண்டாந்தாங்க. இதே எடத்துலதான் வெடிச் சத்தத்துக்கு நடுங்கிச்சு. கால்ல சங்கிலி, ஓடவும் முடியல."

அவர் சிரிப்பு மெல்ல அடங்குகிறது.

"அதுக்குத் திட்டத் தெரியலைங்க. நாங்க பாட்டுக்கு வெடிச்சுக்கிட்டே போனோம்."