வீட்டுப் பேர் கேட்ட கட்டம்

தொண்ணூறுகளின் நடுவில் கேரள எல்லையில் பாறசாலைப் பக்கத்து ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நான் லேப் ஆள். ரத்தம் எடுப்பது, குழாயில் சீட்டு ஒட்டுவது, ரிஜிஸ்டர் எழுதுவது, மாதக் கடைசியில் ஜில்லா ஆபீசுக்கு விவரம் அனுப்புவது எல்லாம் நானே. ரத்தம் எடுப்பதில் எனக்குப் பெரிய பேர் கிடையாது. நரம்பைத் தேடி நான் குத்திக்கொண்டிருக்கும்போது நோயாளிகள் எனக்காக ஜெபித்ததுண்டு. ஆனால் ரிஜிஸ்டரில் என்னை வெல்ல ஆளில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு, முத்து முத்தாக எழுத்து. பரிசோதிக்க வருகிற அதிகாரிகள் அதைப் புரட்டிவிட்டு ரத்தத்தைப் பற்றிக் கேட்க மறந்துபோவார்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனை எங்களுக்கு அப்போது புதிது. ரத்தக் குழாய்களை ஐஸ் பிளாஸ்கில் வைத்து பஸ்ஸில் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். ரிஜிஸ்டரில் பேர், வயது, வீட்டுப் பேர், பஞ்சாயத்து என்று கட்டங்கள். எங்கள் பக்கத்தில் ஆளின் பேரை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் தேட முடியாது. வீட்டுப் பேரைச் சொன்னால் தெருநாய்கூட வழி காட்டும்.

ஒரு மழைக்காலக் காலையில் அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், கடற்கரைப் பேச்சு. புருஷன் குஜராத்துப் பக்கம் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போனவன், நோயோடு திரும்பி வந்து இறந்திருந்தான். என்ன நோய் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. மாமியார் பிள்ளைகள் இரண்டையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, இவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லேன்னு கடலாசு கொண்டுவந்தா பிள்ளையளத் தருவாவளாம் சாறே. இல்லேன்னா வாசல்ல ஏறண்டாம்ன்னு சொல்லியாச்சு," என்றாள்.

நோய் இல்லை என்று எழுதிய தாள் வேண்டும், அதுதான் அந்தக் கடலாசு. வீட்டுப் பேர் கேட்டேன். சற்றுத் தயங்கி ஒன்றைச் சொன்னாள். ஊர் செங்கல் என்றாள், கடலை விட்டு உள்ளே தள்ளிய ஊர். கடற்கரைப் பேச்சு பேசுகிறவள் எப்படிச் செங்கல்காரி ஆனாள் என்று மூளையுள்ளவன் யோசித்திருப்பான். நான் அந்தப் பேரின் சுழிகளை அழகாகப் போடுவதில் மும்முரமாக இருந்தேன். இத்தனைக்கும் அது எங்கள் சொந்த வீட்டுப் பேர். எங்கள் பக்கத்தில் ஒரே வீட்டுப் பேர் நாலு வீட்டுக்கு உண்டு. இது ஐந்தாவது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பேரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

முடிவு வந்தது. நோய் இல்லை. அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது, அவள் வரவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, முடிவு வாங்காதவர்களின் வயதையும் வீட்டுப் பேரையும் எழுதி ஊர் ஊராகப் போகும் நர்ஸிடம் கொடுத்தேன். அவர் புதிதாக மாற்றலாகி வந்தவர். சீட்டைப் பார்த்து விசாரித்து நேராக எங்கள் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள். "எனக்கு எய்ட்ஸு உண்டாக்கும், இல்லியா?"

"ஆரு சொன்னா?"

"ஒரு நர்ஸம்மை வந்தாவ. ஆஸ்பத்திரிக்கு வரணுமாம். சீட்டுல நிங்க எழுத்து. கெட்டி இத்தன வருசத்துல எனக்குன்னு ஒரு லெட்டரு எழுதினதுண்டா? எழுதினது இதாக்கும்."

"வயசு இருவத்தஞ்சுன்னுதானே போட்டிருக்கு," என்றேன்.

அன்று சோறு நானே போட்டுத் தின்றேன்.

நர்ஸ் வந்ததை எதிர்வீட்டுக்காரி பார்த்திருந்தாள். மறுநாள் முதல் எங்கள் கிணற்றில் தண்ணீர் கோர வருவதை அவள் நிறுத்திவிட்டாள். தண்ணீருக்காகக் குடத்தோடு ரோட்டுக் குழாய் வரைக்கும் நடந்தாள். என் மனைவி அதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தாள், பிறகு அடுக்களையில் போய் அழுதாள். நோய் இல்லாத வீட்டுக்கே இந்தப் பாடு. எனக்கு விளையாட்டுப் புத்தி அத்தோடு அடங்கியது.

ரிஜிஸ்டரை மறுபடி வாசித்தேன். முடிவு வாங்க வராதவர்களின் வீட்டுப் பேர்களைப் பார்த்தால் எல்லாம் பெரிய இடங்கள். ஆரியங்கோட்டு ரப்பர்க்கடை முதலாளி வீடு, பெருங்கடவிளையில் ஒரு சபைச் செயலாளர் வீடு, ஒரு பஞ்சாயத்து மெம்பர் வீடு. வந்தவர்கள் ஆளுக்கொரு கௌரவமான வீட்டை இரவல் வாங்கியிருந்தார்கள். என் முத்தெழுத்தை நம்பி ஜில்லா ஆபீஸ் மலையோர ஆரியங்கோட்டில் நோய் விளக்க முகாம் நடத்தியிருந்தது. போட்டுக்காரர்கள் நோயோடு திரும்பி வரும் கடற்கரைப் பக்கம் ஒரு நோட்டீஸ்கூடப் போகவில்லை. இதே விவரம்தான் தலைநகரம் வரைக்கும் போகிறது. ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன்.

எங்கள் டாக்டரம்மா மலையாளி. முழுவதையும் கேட்டுவிட்டு, "எடோ, ஆ குட்டியெ கண்டுபிடிக்கணம். பக்ஷே ஆரோடும் சோதிக்கருது," என்றார். பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் யாரிடமும் விசாரிக்கக் கூடாது. உத்தரவு நியாயமானதுதான். நான் போய்க் கேட்டால் அவள் ஒளித்ததை நானே ஊருக்குச் சொன்னதாகும்.

தேட முடியாது என்றால் அவளாக வர வேண்டும். அதற்கு அந்தக் கட்டம் ஒழிய வேண்டும் என்று தீர்மானித்தேன். வீட்டுப் பேர்க் கட்டத்தை நீக்க அனுமதி கேட்டு ஜில்லா ஆபீசுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. லீவு போட்டு நேரில் போனேன். அதிகாரி அரசுப் படிவத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். எண், வயது, ஆணா பெண்ணா, பஞ்சாயத்து. அவ்வளவுதான்.

"இதில் வீட்டுப் பேர் எங்கே இருக்கிறது? உம்முடைய ஆஸ்பத்திரியிலிருந்து மட்டும் வருகிறது. யார் போடச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. பழைய மலேரியா ரிஜிஸ்டரைப் பார்த்து, அழகாக இருக்கட்டும் என்று நானே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு அது. போட்டவன் மறந்துவிட்டு, சர்க்கார் போட்டது என்று சர்க்காரோடு சண்டைக்குப் போயிருக்கிறான். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

மறுநாளே புது ரிஜிஸ்டர் தொடங்கினேன். பேரும் இல்லை, வீட்டுப் பேரும் இல்லை. ஒரே எண் எழுதிய இரண்டு துண்டுச் சீட்டு, ஒன்று வந்தவர் கையில், ஒன்று என்னிடம். இருக்கிற பஞ்சாயத்தை மட்டும் சொன்னால் போதும். பழைய ரிஜிஸ்டர் டாக்டரம்மாவின் அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. எங்கள் அட்டெண்டருக்கு மட்டும் மனசில்லை. முடிவு வாங்க வருகிறவர்களை அவர்தான் ஜன்னலில் நின்று வீட்டுப் பேர் சொல்லி உரக்கக் கூப்பிடுவார்.

"பேரு இல்லாம ஆளெ எப்பிடிக் கூப்பிடுகது?"

"கூப்பிடண்டாம். சீட்டோட அவியளே உள்ள வருவாவ."

"அப்ப எனக்கு என்ன ஜோலி?"

"மிண்டாம இரியும். அதாக்கும் ஜோலி."

அவருக்கு வாய் மூடி இருப்பதைவிடக் கஷ்டமான வேலையை யாரும் கொடுத்ததில்லை.

இனி ஊருக்குச் சொல்ல வேண்டும். நர்ஸ் தடுப்பூசி போடும் இடங்களில் எல்லாம் சொன்னார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்கு பஸ் ஏறினேன். அங்கே கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்ததும் பாதிரிச் சாமியார் எங்களுக்காக அறிவிப்பு வாசித்தார்: ரத்தப் பரிசோதனைக்குப் பேர் கேட்பதில்லை, முன்னால் ரத்தம் கொடுத்தவர்களும் வந்து முடிவு வாங்கலாம். நான் மிஷன் சபைக்காரன், புராட்டஸ்டண்ட். கோயிலின் பின்வரிசையில் எப்போது முட்டுப்போடுவது, எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல் எல்லாரும் உட்கார்ந்தபோது தனியாக நின்றேன். அறிவிப்பைவிட அது ஊரில் நன்றாகப் பரவியது. எங்கள் சபையில் நான் மதம் மாறிவிட்டதாகப் பேச்சு வந்தது. இருந்தும் போவதை நிறுத்தவில்லை. அடுத்தடுத்த கடற்கரைக் கோயில்களுக்கும் போனேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் லேப் கதவருகே வந்து நின்றாள்.

"பேரு கேக்க மாட்டியளா சாறே?"

"கேக்கமாட்டேன்."

"முன்ன நான் ஒரு தடவ வந்தேன். ஜன்னல்ல ஒரு ஆளு வீட்டுப் பேரெல்லாம் விளிச்சுட்டு நின்னாரு. பயந்து போயிட்டேன். அன்னைக்கு நான் சொன்னதும் பொய்யாக்கும். பஸ்ஸுல வரும்போ ஒரு கேட்டுல எழுதியிருந்துது. நல்ல வீடு மாதிரி தோணிச்சு."

"நல்ல வீடுதான். ஆளுதான் கொள்ளாது," என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

தாளை அப்போதே கொடுக்க இழுப்பறையைத் திறந்தேன். டாக்டரம்மா தடுத்தார். பொய்ப் பேரில் கிடக்கும் முடிவை ஆள் மாறிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? மறுபடி ரத்தம் எடுத்தோம். அன்று முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. ஒரு எண்ணைக் கொடுத்து அனுப்பினேன். சரியாக இரண்டு வாரத்தில் சீட்டோடு வந்தாள். நோய் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். அவள் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நம்பர் மட்டும்தானே உண்டு? என் பேரு இல்லியே. இதக் கொண்டு குடுத்தா, எவளுக்க கடலாசுன்னு மாமி கேப்பாவளே."

மூன்று கடிதமும் இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் செலவழித்து நான் ஒழித்த பேர் இப்போது அவளுக்கு வேண்டியிருந்தது. நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் லெட்டர்பேடை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"அவள் சொல்லட்டே. தான் எழுது."

நான் எழுத வேண்டும் என்று உத்தரவு. அவளே சொன்னாள். தன் பேர், புருஷன் பேர், கடைசியில் வீட்டுப் பேர். இந்தத் தடவை தயங்கவில்லை. நான் எழுதினேன், டாக்டரம்மா கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். அவள் தன் பேரின் மேல் விரலை ஓட்டி ஒரு தடவை வாசித்துக்கொண்டாள்.

"புக்குலயும் எழுதினியளா சாறே?"

ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். எண் மட்டும் இருந்த வரியை அவள் குனிந்து பார்த்தாள்.

"செரி. மூணு மணி பஸ்ஸு கிட்டினா பிள்ளையள் பள்ளியூடம் விட்டு வரும்போ நான் அங்க நிக்கலாம்," என்று சொல்லி, தாளை மடித்து பர்சுக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கி வேகமாக நடந்தாள்.