இடப்பக்கத்து ஆக்ஸில்

சனிக்கிழமை இரும்பு வாங்கினால் சனியனும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுவான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நம் வீட்டில் அவன் ஏற்கனவே பாய் விரித்துப் படுத்தாயிற்று, புதிதாக வர என்ன இருக்கிறது என்று சொல்லித்தான் அன்று காலை என் வீட்டுக்காரரைச் சேலம் பஸ்ஸில் ஏற்றி நானும் ஏறினேன். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது. வாய்க்கு மட்டும் அறுபது வயது என்பார் என் மாமியார்.

நாமகிரிப்பேட்டையில் எங்களுக்கு ஒரு வாடகைக் கார் இருந்தது. யாரோ ஒரு மில் முதலாளி ஓட்டிச் சலித்து விற்ற கறுப்புச் சீமைக் கார். ஊரில் அதைப் பிளசர் என்பார்கள். பிரசவத்துக்கு, கல்யாணத்துக்கு, மஞ்சள் மண்டிக்கு வரும் வியாபாரிகளுக்கு என்று எட்டு மாதம் நன்றாகவே ஓடியது. ஆடி பிறந்து நாலாம் நாள், ராசிபுரத்திலிருந்து வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்பக்கம் இடது ஆக்ஸில் முறிந்துவிட்டது. சக்கரம் தனியாகக் கழன்று வண்டியை முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. வண்டி பள்ளத்தில் இறங்க, இவருக்கு வலது முன்கை எலும்பு முறிந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

ஆக்ஸில் என்பது பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. இரண்டரை முழத்துக்கு ஒரு உருட்டுக் கம்பி, அதன் முனையில் ஒரு தட்டு, தட்டில் நான்கு போல்ட். அந்தப் போல்ட்டுகளில்தான் சக்கரம் மாட்டும். ஆனால் அந்த வகைக் காரைச் செய்வதையே நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டது. எந்தக் கடையிலும் அந்தச் சாமான் இல்லை என்றார்கள். சேலத்தில் ஓமலூர் ரோட்டுக் காயலான் கடையில் அதே வகைக் கார் ஒன்று கிடப்பதாக ஸ்டாண்டு டிரைவர் ஒருவர்தான் வந்து சொன்னார். கூடவே, திங்கட்கிழமை கடையிலுள்ள அத்தனையும் உருக்குவதற்கு லாரி ஏறப்போகிறது என்றும் சொன்னார்.

கார் போனால் என்ன போகும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் இவர் வடக்கே லைன் ஓடிய லாரி டிரைவர். கல்கத்தா, பம்பாய் என்று கிளம்பினால் ஒரு மாதம், ஒன்றரை மாதம். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவர் வீட்டில் படுத்த நாட்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். மகள் பிறந்த செய்திக் கார்டு அவரைத் தேடிப்பிடிக்கவே மூன்று வாரமானது. லாரிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து, அது வேறு லாரி என்று தெரிந்து மறுபடி படுத்த கதையை யாரிடம் சொல்வது. அந்தப் பிழைப்பு வேண்டாம் என்றுதான் என் நகையைப் போட்டுக் கார் வாங்கினோம். கார் இல்லை என்றால் கை கூடியதும் அவர் மறுபடி லைனுக்குத்தான் போக வேண்டும். எனக்கு என் புருஷன் வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு அந்த ஆக்ஸில் வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

காயலான் கடையில் ஆடிப் பண்டிகைக்கு ஆட்களெல்லாம் போய்விட்டிருந்தார்கள். கடைக்காரர் மட்டும் தராசுப் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எந்தச் சாமானானாலும் வாங்குகிறவர்களே கழற்றிக்கொள்ள வேண்டும், நட்டுக் கழற்றும் பானாவும் ஜாக்கியும் வேண்டுமானால் தருகிறேன், பொழுது சாயக் கதவைப் பூட்டிவிடுவேன், நாளை ஞாயிறு லீவு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பிறகு இவருடைய கைக்கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“யாருங்க கழட்டறது?”

நான் புடவையை இழுத்துச் செருகினேன்.

கார் சுவரோரம் கிடந்தது. நமக்கு வேண்டியது இடப்பக்கம். அந்தப் பக்கம்தான் சுவரும் வேலிமுள்ளும் இருக்க வேண்டுமா? முள்ளை வெட்டித் தள்ளவே ஒரு மணி நேரம் போனது. டயர் மக்கிப் பாதிச் சக்கரம் மண்ணுக்குள் புதைந்திருந்தது. கடப்பாரையால் தோண்டினேன். நட்டுகள் துருவேறி இருந்தன. கொண்டுபோன மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டேன். இவர் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். கை முறிந்தாலும் வாய் முறியவில்லை.

“இடப்பக்கம் தலகீழ் மர. வலக்கைப் பக்கமாத் திருகு, கழண்டு வரும்” என்றார்.

லாரியில் அப்படித்தான். இடப்பக்கத்துச் சக்கர நட்டுகள் ஓட்டத்தில் தானாகத் தளராமல் இருக்க, அந்தப் பக்கம் மட்டும் திருகு மரையைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள். நாமக்கல் பக்கத்து லாரிக்காரர்களுக்கு இது ரத்தத்திலேயே ஊறியது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இடப்பக்கம் தலைகீழ் என்பார்கள். எங்கள் காருக்குப் பஞ்சர் என்றால் பஞ்சர் கடைக்காரர் கழற்றுவார், இவர் தள்ளி நின்று பீடி குடிப்பார். பிறகு எப்படித் தெரியும்?

பானாவில் ஒரு நீளக் குழாயைச் செருகி அமுக்கினேன். கையில் ஏதோ சரியாகப் படவில்லை. இறுகுகிற மாதிரி இருக்கிறதே என்றேன். துரு அப்படித்தான் இருக்கும், குழாயின் மேல் ஏறி நில் என்றார். ஏறி நின்றேன். டக்கென்று ஒரு சத்தம். நட்டு கழன்றுவிட்டது என்று நினைத்தால், போல்ட்டே முறிந்து நட்டோடு கையில் வந்தது. துருதான் தின்றுவிட்டது, அதற்கு எதிரில் உள்ளதைப் போடு என்றார். எதிரில் உள்ளதும் அப்படியே முறிந்தது. இந்த முறை நானும் சேர்ந்து விழுந்தேன். முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது.

மூன்றாவது நட்டுக்கு நான் அவரைக் கேட்கவில்லை. பானாவை மாட்டி எதிர்ப்பக்கமாக இழுத்தேன். கிறீச்சென்று முனகி, ஒரு சுற்றுச் சுற்றி, அழகாகக் கழன்று வந்தது. நான்காவதும் அப்படியே வந்தது. காருக்கு இடப்பக்கமும் நேர் மரைதான். திரும்பிப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த மனுஷன் முறிந்த போல்ட் ஒன்றைப் பொறுக்கி இடக்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.



“உட்ரு புள்ள. ரெண்டு போல்ட்ல சக்கரம் நிக்காது. நான் லைசென்ஸக் குடுத்துப்போட்டேன்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. லாரி முதலாளியிடம் லைசென்ஸைக் கொடுத்துவிட்டால் டிரைவர் லைன் ஓட ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். முந்தின நாள் ராசிபுரம் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கட்டுப் பிரித்த மறுவாரம் கல்கத்தா. என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நான் கூப்பிட்டதற்காகச் சேலம் வரை வந்து கல்லில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பானாவை எங்கே வீசுவது என்று ஒரு நிமிஷம் நினைத்தது உண்மை. முடியாது, இந்த மனுஷனை நான் மறுபடி அனுப்ப முடியாது என்று மட்டும் மனசு திரும்பத் திரும்பச் சொன்னது.

அப்போதுதான் அது தோன்றியது. எங்கள் காரின் பழைய ஆக்ஸில் கம்பிப் பக்கம்தான் முறிந்திருந்தது. தட்டு முழுசாகச் சக்கரத்தோடு எங்கள் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது.

“நம்ம பழசுல நாலு போல்ட்டும் நல்லாத்தானுங்க இருக்குது? அதத் தட்டி எடுத்து இதுல அடிச்சா ஆவாதுங்களா?”

அவர் சக்கரத்தைப் பார்த்தார். முறிந்த இடத்தை இடக்கை விரலால் தடவினார்.

“ஆவும்” என்றார். கல்லை விட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு அவர் யோசனை சொல்லவில்லை, வேலை செய்தார். வண்டியை ஜாக்கியால் தூக்கி அடியில் கல் கொடுத்தோம். சக்கரத்தை எடுத்தோம், பிரேக் டிரம்மைத் தட்டித் தட்டி உருவினோம். தட்டின் பின்னால் ஆக்ஸிலைப் பிடித்திருந்த சின்னப் போல்ட் நான்கு. ஒவ்வொன்றாக, விரல் நுழையாத இடத்தில் பானாவை வைத்துக் கழற்றினேன். எல்லாம் கழன்றும் ஆக்ஸில் அசையவில்லை. உள்ளே பேரிங் துருப்பிடித்துக் கவ்வியிருந்தது. பொழுது மேற்கே சாய்ந்துவிட்டது. கடைக்காரர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே ஒரு தடவை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கு ஒரு வழி அவருக்குத் தெரிந்திருந்தது. டிரம்மைத் திருப்பி, முறியாமல் நின்ற இரண்டு போல்ட்டில் தளர்வாக மாட்டி, நட்டுகளை நுனியில் மட்டும் போட வேண்டும். பிறகு டிரம்மைப் பிடித்து வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தால், அது நட்டில் மோதி, சுத்தியல் அடித்த மாதிரி ஆக்ஸிலை வெளியே இழுக்கும். நல்ல வேளை, மிஞ்சிய இரண்டும் எதிரெதிரே நின்றன. அவருடைய ஒரு கையும் என் இரண்டு கைகளுமாக இழுத்தோம். பத்து, இருபது, முப்பது. உள்ளங்கை வெந்துபோனது. நான் மாரியம்மனைக் கூப்பிட்டேன், கொஞ்சம் திட்டவும் செய்தேன். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். திடீரென்று மொத்தமும் உருவிக்கொண்டு வர, இரண்டு பேரும் முள்ளின் மேலேயே மல்லாந்து விழுந்தோம். அவர் கட்டுக்கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைக்காரர் எடை போட்டுக்கொண்டே, “அம்மிணி, பண்டிக முடிஞ்சு ஆளுக வரலீன்னா உனக்குச் சொல்லியனுப்பறேன், வந்துரு” என்றார். கூலி ஒன்றரைப் பங்கு கொடுத்தால் வருகிறேன் என்றேன்.

பஸ்ஸில் கண்டக்டர் முணுமுணுத்தார். ஆக்ஸிலைச் சாக்கில் சுற்றி இரண்டு பேர் மடியிலுமாக வைத்துக்கொண்டோம். ராசிபுரம் வந்ததும் நான் எழுந்தேன். நம் ஊர் இன்னும் வரவில்லையே என்றார். லாரி ஆபீஸ் வந்துவிட்டது என்றேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் ஆக்ஸிலைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அவரும் இறங்கத்தான் வேண்டியிருந்தது.

லாரி முதலாளி டியூப்லைட் வெளிச்சத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கிரீஸும் மண்ணும் ரத்தமுமாக நான் போய் நின்ற கோலத்தைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஆக்ஸிலை அவர் மேசை மேலேயே வைத்தேன்.

“லைசென்ஸக் குடுங்க. எங்க ஊட்டுக்காரரு காரு ஓட்டோணும்.”

முதலாளி என்னை விட்டுவிட்டு, வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்த இவரைப் பார்த்து, நீ என்னப்பா சொல்கிறாய் என்று கேட்டார். ஆம்பிளைகள் நாலைந்து பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் லாரிக்காரர்கள். அவர்கள் முன்னால் தன் தப்பை ஒப்புக்கொள்கிற மனுஷன் இல்லை இவர்.

“இவதானுங்க கழட்டுனா. நான் லாரி நெனப்புல தலகீழ் மரைன்னு சொல்லி ரெண்டு போல்ட்ட ஒடச்சுப்போட்டேன். குடுத்துருங்க, நான் லைனுக்கு வரலீங்க.”

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. மேசை டிராயரைத் திறந்து லைசென்ஸை எடுத்து அவரிடம் நீட்டினார். நான் கையை நடுவில் நீட்டி வாங்கிக்கொண்டேன். வாங்கி முந்தானையில் முடிந்தேன்.

அந்த ஆக்ஸில் கார் விற்கிற நாள் வரைக்கும் நின்றது. லைசென்ஸை நான் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். காலையில் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். எந்த ஊர் போனாலும், எவ்வளவு நேரமானாலும், அன்றைக்கே கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிடுவார்.