பச்சை வண்டியின் தகடு

பழைய முதலாளியின் மகன் மோகன் கூப்பிட்டு அனுப்பினான் என்றதும், தன்னைத்தானா என்று வந்தவனிடம் இரண்டு தரம் கேட்டாள் கெங்கம்மாள். பதினைந்து வருடமாக அவள் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தாள். ஆனாலும் அந்தக் கேட் கண்ணில் படக் கூடாது என்று ஏரிக்கரைச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போவாள்.

கேட்டுக்குப் பின்னால், தகர ஷெட்டில், ஒரு பச்சை கார் நின்றது. லான்சியா என்று பெயர். உலகச் சண்டைக்கு முன்னால் இத்தாலியில் செய்தது. ஒரு ஜமீன்தாருக்காகக் கப்பலில் வந்து, அவர் நொடித்ததும் ஒரு வக்கீலிடம் போய், கடைசியில் மோகனின் அப்பா கங்காதரனிடம் வந்து சேர்ந்தது. வயலை மனை போட்டு விற்ற காலத்தில் அவர் அதை வாங்கினார். கெங்கம்மாளின் புருஷன் சின்னப்பையன்தான் முப்பத்தைந்து வருடம் அதற்கு டிரைவர். பிள்ளை இல்லாதவன், வண்டியைப் பெற்று வைத்திருக்கிறான் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

பதினைந்து வருடத்துக்கு முன்பு அதை வாங்க மும்பையிலிருந்து ஒருவர் வந்தார். மனைக்கு மூலப்பத்திரம் எப்படியோ, அந்த வண்டிக்கு ஒரு பித்தளைத் தகடு அப்படி. பானெட்டுக்குள் ஆணியடித்து வைத்திருந்தது. இன்ஜினை எப்போதோ மாற்றிவிட்டார்கள். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருந்த எண் துருவில் போய்விட்டது. இது அசல்தான் என்று சொல்ல அந்தத் தகட்டில் உள்ள எண் ஒன்றுதான் பாக்கி. வந்தவர் திறந்து பார்த்தார். தகடு வழவழவென்று வெறுமையாக இருந்தது. அசலைக் கழற்றி விற்றுவிட்டு யாரோ வெறுந்தகட்டை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியை வேறு யார் தொட்டது? கங்காதரன் சின்னப்பையனை நடுத்தெருவில் நிற்க வைத்து, திருடன் என்று சொல்லி அனுப்பினார். போலீசுக்குப் போகாததைப் பெரிய தர்மமாகச் சொல்லிக்கொண்டார். மூன்றே வருடத்தில் சின்னப்பையன் செத்தான். பின்னாலேயே கங்காதரனும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது ஷெட்டில் மோகனோடு ராகேஷ் என்றொரு இளைஞன் நின்றான். பழைய கார்களின் பூர்வீகத்தைத் தேடி எழுதிக் கொடுப்பது அவன் தொழில். வண்டியைக் கவனித்துக்கொண்ட குடும்பத்தில் யாரையாவது பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தான்.

“இது மாத்தின தகடு இல்லம்மா,” என்றான். “ஆணிய யாரும் தொடவே இல்ல. நம்பர் தேஞ்சு போயிருக்கு. வருஷக்கணக்கா யாரோ தேச்சிருக்காங்க.”

தகட்டின் ஓரத்தை ஊசியால் கீறி, உள்ளங்கையில் தட்டிக் காட்டினான். சிவப்புத் தூள்.

“செங்கல் பொடி மாதிரி இருக்கு. உங்க வீட்டுக்காரர் இத எதால தொடைப்பாரு?”

அவன் துடைக்கவில்லை. அவள்தான் துடைத்தாள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் சின்னப்பையன் வண்டியைக் கழுவுவான். பித்தளையெல்லாம் அவள் பங்கு. புளியும் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் வைத்து, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல அந்தத் தகட்டையும் தேய்ப்பாள். சந்தனமும் குங்குமமும் வைக்கிற இடமாயிற்றே என்று மற்றதைவிட இரண்டு தரம் கூடுதலாகவே தேய்ப்பாள். அப்படி முப்பத்தைந்து ஆயுத பூஜை.

வேலை போன அன்று அவன் மத்தியானமே வீட்டுக்கு வந்தான். அந்தத் தகட்டை எதை வைத்துத் தேய்ப்பாய் என்று கேட்டான். அவள் பெருமையாகச் சொன்னாள். அவன் டிரைவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். இனிமேல் அந்த வீட்டுப் பக்கம் போகாதே என்று மட்டும் சொன்னான். ஊரே திருடன் என்று பேசியபோது, ஒரு நாள் அவளும் கேட்டுவிட்டாள்: “நீ எட்த்தியா?” அவன் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். எடுத்துத்தான் இருக்கிறான் என்று இத்தனை காலமும் அவள் நம்பியிருந்தாள்.

“நான்தான் தேச்சேன் தம்பி,” என்றாள் மோகனிடம். “வருசா வருசம் நான்தான். அவரு எட்க்கல. என்னியக் காட்டிக் குடுக்காம இருந்துட்டாரு.”

அப்பா இருந்திருந்தால் உங்கள் காலில் விழுந்திருப்பார் என்றான் மோகன். அப்படி விழுகிற ஆள் இல்லை கங்காதரன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

எண் தேய்ந்த விவரத்தை அறிக்கையில் எழுதிவிடுவதாக ராகேஷ் சொன்னான். அதில் தன் வீட்டுக்காரர் திருடவில்லை என்று வருமா என்று கேட்டாள். அது காரின் கதை மட்டும்தான் என்று அவன் தயங்கினான். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் அன்று நகராமல் நின்றாள்.

“ஒரு வெள்ளப் பேப்பர்ல எய்திக் குடுங்க தம்பி. கையெய்த்துப் போட்டு.”

மோகன் எழுதிக் கொடுத்தான்.

காகிதத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். தெருவில் யாரிடம் காட்டுவது? குழாயடியில் அவளைக் கண்டாலே குடத்தை நகர்த்திக்கொள்ளும் எல்லம்மா, மனையை விற்றுவிட்டு மாங்காட்டுப் பக்கம் போய்விட்டாள். மளிகைக் கடைக்காரர் உயிரோடு இல்லை. ஓட்டு வீடுகள் இருந்த இடமெல்லாம் மூன்று மாடி எழும்பியிருந்தது. கடைசியில், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த கிருஷ்ணப்பிரியாவிடம் நீட்டினாள். துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

“எங்களிடம் டிரைவராக இருந்த சின்னப்பையன் எதையும் திருடவில்லை.”

வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். “யாரு ஆயா இந்தச் சின்னப்பையன்?”

கெங்கம்மாள் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இந்தப் பெண்ணுக்கு விளங்கச் சொல்வதென்றால், அவனைத் திருடன் என்று சொன்னதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.