அப்பா அண்ணனிடம் மட்டும் சொன்ன நோய்

அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு. அவரைப் புகழ்ந்து எழுதும்படி அண்ணியார் கேட்டுக்கொண்டார். புகழ நிறைய இருக்கிறது. ஆனால் அவர்மேல் எனக்குச் சிறுவயது முதலே பொறாமை. அதை மறைத்து எழுத எனக்கு வராது.

மலை ஊரான பிரிஞ்சாங்கை அடுத்த தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அண்ணன் பிறந்தார். நான் ஐந்து வயது இளையவள். அப்பாவுக்கு எல்லாமே அண்ணன்தான். பக்கத்து டவுனான தானா ராத்தாவுக்குப் போனாலும், கோயில் கூட்டத்துக்குப் போனாலும் அவரைத்தான் அழைத்துப் போவார். "நீ அம்மாகிட்ட இரு" என்பார் என்னிடம். அண்ணன் திரும்பி வந்து பாதி பிஸ்கட்டைக் கொடுப்பார். அந்த நல்ல குணம்கூட எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் அப்பாவுக்கு மலத்தோடு இரத்தம் போனது. மூலச் சூடு என்று சொல்லி மோர் குடித்தார். மெலிந்து மெலிந்தே இறந்தார். மூலம் என்றே நானும் அம்மாவும் நம்பினோம். அண்ணன் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியில் வேலைக்கு ஏறி, வீட்டைத் தாங்கி, எனக்குத் திருமணமும் செய்து வைத்தார்.

முப்பத்தைந்து வயதில் அவருக்கும் இரத்தம் போனது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்த டாக்டர், "குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் உண்டா?" என்று கேட்டாராம். வீடு திரும்பியதும் அண்ணன் என்னை அழைத்தார்.

"அப்பாவுக்கு மூலம் இல்ல லா. கொடல்ல கேன்சர்னு அப்பவே ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ஒன்னக் கட்டிக் குடுக்கணுமேன்னு, யாருக்கும் சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

எனக்கு முதலில் பயம் வரவில்லை. "இதையும் ஒங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரா?" என்று கத்தினேன். நோயாளி என்றும் பார்க்கவில்லை.

"கத்து. கத்திட்டு நாளைக்கே ஈப்போவுக்குப் போ. கூடப்பொறந்தவங்களையும் பாக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு."

போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலில் இரண்டு சிறு சதைகள் வளர்ந்திருந்தன. விட்டுவைத்திருந்தால் அவையே புற்றாகியிருக்கலாம் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். அண்ணனுக்கு அந்தக் கட்டம் தாண்டியிருந்தது.

உறவினர்களே, இரத்தம் போனால் சூடு என்று சும்மா இருக்காதீர்கள். இந்நோய் சில குடும்பங்களில் தொடர்ந்து வருமாம். எந்தத் தொல்லையும் இல்லாதபோதே போய்க் காட்டுங்கள். பெண் கொடுக்கவேண்டும், எடுக்கவேண்டும் என்று நோயின் பெயரை மறைக்காதீர்கள்.

அண்ணனை ஈப்போவுக்குக் கொண்டு சேர்த்த லோரி நண்பர்களுக்கும், சோறாக்கிக் கொடுத்த லயத்துப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. கடைசி நன்றி அண்ணனுக்கு. அவர் அப்பாவின் சொல்லை ஒருநாளும் தட்டியவரல்லர். எனக்காக ஒருமுறை தட்டினார். அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.