கவசம் போடாத குதிரைகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் நானும் என் வீட்டுக்காரரும் சண்டை போடுவோம். அவர் சவுதியில், நான் இரணியலில். அவருக்கு அன்றுதான் விடுமுறை. நான் வேலை முடிந்து வந்து முகம் கழுவிவிட்டு லேப்டாப்பில் விளையாட்டைத் திறந்தால் கோட்டை, குதிரை, வில்வீரர்கள் என்று ஒரு பழங்காலத்து ராஜ்யம் காத்திருக்கும். காதில் ஹெட்போன், அதில் அவர் குரல். உண்மையைச் சொன்னால், ராஜ்யத்துக்காக நான் உட்காரவில்லை, அந்தக் குரலுக்காகத்தான்.

"எவனுக்க கூடட்டி இப்பிடிக் கெடந்து சண்ட போடுக?" என்று மாமியார் அடுக்களையிலிருந்து கேட்பார்.

"ஒங்க மவனுக்க கூடத்தான் மாமி."

பொண்டாட்டி என்று ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டார் அந்த மவன். ஆரம்பத்தில் எனக்குக் கவசம் என்றால் எல்லாம் ஒன்றுதான். சேர்த்த பொன்னையெல்லாம் கொட்டி, குதிரைவீரர்களுக்கு அம்பு தடுக்கும் கவசமாகப் பார்த்துப் போட்டேன். பளபளவென்று கிளம்பினார்கள். அவர் கொஞ்சம் ஈட்டிக்காரர்களை நடக்கவிட்டார். என் குதிரை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"அம்புக்கு ஒரு கவசம், வாளுக்கு ஒரு கவசம், ரெண்டும் வேற, கேட்டியா? அடியில இருந்து கவசத்தக் கழிச்சா மிச்சந்தான் காயம். ஆனா ஈட்டிக்குக் குதிரையக் கண்டா அடி கூடும். நீ என்ன போட்டாலும் நிக்காது."

"அம்பே படாத அளவுக்குப் போட்டா?"

"எவ்வளவு போட்டாலும் ஒவ்வொரு அடிக்கும் துளி பட்டுதான் தீரும்."

அது எனக்கு நன்றாகவே தெரியும். மணவாளக்குறிச்சியிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா, "மாப்பிள எப்ப வாறாரு மக்ளே?" என்பாள். ஆலயத்தில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள். "கிறிஸ்துமஸுக்கு" என்று சிரித்துவிட்டுப் போவேன். துளிதான் படும். ஆனால் ஆட்டம் முடிந்ததும் இவர் "வச்சிரட்டா?" என்று கேட்பார் பாருங்கள், அது ஈட்டி. எத்தனை வெள்ளிக்கிழமை கேட்டாலும் எனக்குப் பழகவில்லை.

போய் இரண்டு வருஷமாகிறது. இந்தத் தடவை வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டாரை நான் வந்துதான் கட்டுவேன், நீ தொடாதே என்று சொல்லியிருந்தார். பரணிலிருந்து இறக்கித் துடைத்து மட்டும் வைத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அவருடைய குதிரைகள் என் மதிலுக்கு முன்னால் வந்து நின்றன. ஒன்றுக்கும் கவசமில்லை. என் வில்வீரர்கள் சும்மா நின்ற இடத்திலிருந்தே சாய்த்துவிட்டார்கள். கைதவறிவிட்டது போல என்று நினைத்தேன். மறுபடியும் அனுப்பினார், அதே மாதிரி, வெறும் உடம்போடு. விட்டுக்கொடுக்கத் தெரியாத மனுஷன் எதற்காக இப்படி விட்டுக்கொடுக்கிறார்?

"ஜெயிச்சிட்டியேட்டி!" என்றார். குரலில் சந்தோஷத்தை வரவழைத்திருந்தார்.

"லீவு கிட்டலியா?"

அவர் அறையின் ஏசி இரைவது கேட்டது.

"மாத்தி விட ஆளு இல்லன்னு சொல்லிட்டானுவ."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அவர் கம்பெனிமேல், அந்த ஊர்மேல், துடைத்து வைத்த ஸ்டார்மேல்கூட. அழுகை அதற்குப் பிறகு வந்தது, அவருக்குக் கேட்காமல் இருக்க மைக்கை விரலால் பொத்திக்கொண்டேன். ஆட்டம் முடிந்திருந்தது. வழக்கமாகக் கேட்பதை அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவிடுவதாக இல்லை.

"இன்னொரு ஆட்டம் போடுவோம்," என்றேன். "இந்தத் தடவ கவசத்தப் போட்டுட்டு வாங்க."