சித்தி திறந்த ஜன்னல்

லிங்கராஜபுரத்தில் என் மகன் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. விளக்கு, குமிழி விடுகிற மோட்டார், கடையில் வாங்கின செடிகள் எல்லாம் உண்டு. இரண்டாயிரமாம் வருஷம் பிறந்த பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படி ஒன்றைப் பார்க்கிறேன். போன மாதம் செடிகள் மஞ்சளாகிவிட்டன. மகன் எல்லாவற்றையும் பிடுங்கிப் போடப் பார்த்தான். "தள்ளுடா" என்று சொல்லி நான்தான் கத்திரிக்கோலை எடுத்தேன். செடிகள் பிழைத்தன. மீன் கடைக்காரப் பையன் வந்து பார்த்துவிட்டு, "எங்க கத்துக்கிட்டீங்க ஆன்ட்டி?" என்றான். எங்கள் வீட்டில் என்றேன். அவனுக்கு அவ்வளவு போதும். மீதியை இங்கே சொல்கிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது நாங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில், ஒரு துரை வீட்டின் பின்கட்டில் இருந்தோம். அப்பா துரைக்கு மோட்டார் ஓட்டினார். துரை குடும்பத்தோடு சீமைக்குப் போனபோது, இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்றை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அல்சூர் ஏரியிலிருந்து வேலம்பாசியும், நாடா போல நீளமாக வளரும் ஒரு புல்லும் கொண்டுவந்து அம்மா அதில் நட்டாள். அடியில் களிமண், அதன்மேல் ஆற்று மணல். மீன் நாலைந்து கிடந்தாலும் அம்மாவுக்குச் செடிதான் பெரிது. ஜன்னல் ஓரம் காலை வெயில் விழும்போது இலைகளிலிருந்து முத்து முத்தாகக் குமிழி கிளம்பும். அதைக் காட்டித்தான் எனக்குச் சோறு ஊட்டுவாள்.

அம்மா காய்ச்சலில் படுத்து, தொட்டி இருந்த அறையிலேயே போய்விட்டாள். அப்பா அந்த ஜன்னலை மூடினார். வருஷப் பூசை முடியும்வரை யாரும் திறக்கக் கூடாது, அவள் வைத்த பொருள் வைத்தபடி இருக்க வேண்டும் என்றார். குறைகிற தண்ணீரை மட்டும் ஊற்றுவார். மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. செடிகள் வெளுத்து, நூல் போல மேலே இழுத்துக்கொண்டு நின்றன. எனக்கு அதுவும் அம்மா வைத்தபடி இருப்பதாகத்தான் தெரிந்தது.

பெண் குழந்தை வளர வேண்டுமே என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கோலார் தங்கவயலில் இருந்த அம்மாவின் தங்கையையே அப்பாவுக்குக் கட்டிவைப்பது என்று முடிவாயிற்று. செத்தவளின் தங்கையைக் கட்டுவது சபை விதிப்படி கூடாது என்றார் பங்குச் சாமியார் முதலில். பிறகு அவரே ஆயருக்கு எழுதிப் போட்டு அனுமதி வாங்கிக் கொடுத்தார். ஒரு நாள் காலையில் மேளம் இல்லாமல் தாலி கட்டினார்கள். சித்தி தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். இன்னும் பாவாடை தாவணி போடுகிற வயசு. புடவை அவளுக்கு நிற்கவே இல்லை. நான் அவளோடு பேசவில்லை.

வந்த வாரமே அவள் ஜன்னலைத் திறந்தாள். ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சிப் பழைய தண்ணீரைப் பாதி வெளியே விட்டாள். தேங்காய் நாரால் கண்ணாடியைத் தேய்த்தாள். பிறகு தையல் கத்திரிக்கோலை எடுத்து, வேலம்பாசி முழுவதையும் அடியோடு வெட்டினாள். நான் போட்ட கூச்சலில் அத்தை ஓடிவந்தாள். அப்பாவின் அக்கா, எங்களோடுதான் இருந்தாள்.

"ஏன்டி, உங்கக்கா கை வச்ச செடி, அத்த மொட்ட அடிச்சிட்டியா? தாலி ஏறி வாரம் ஆவல, அதுக்குள்ள அவள தொடச்சி எடுக்கிறியா?"

"வெளிச்சம் இல்லாம செத்துனு இருக்குது அண்ணி."

"உனுக்கு ரொம்ப தெரியும். சொரங்கத்து இருட்டுல பொறந்தவ வெளிச்சத்த பத்திப் பேசறா."

சித்தி வெட்டியதில் பச்சை மிச்சமிருந்த நுனிகளை மட்டும் பொறுக்கினாள். நூலில் சின்னக் கல் கட்டி ஒவ்வொன்றாக மணலில் ஊன்றினாள். நாடாப் புல்லில் மஞ்சள் இலையைக் கிள்ளி, அதன் வேர்க்கழுத்து மண்ணில் புதையாமல் தூக்கி வைத்தாள். முதல் நாளே அண்டாவில் பிடித்துவைத்திருந்த தண்ணீரை, மணல் கலையாமலிருக்க ஒரு தட்டின்மேல் மெல்ல ஊற்றினாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். செடிகள் குச்சி குச்சியாக நின்ற தொட்டியை வெகுநேரம் பார்த்தார்.

"ஜன்னல மூடு."

"மூடுனா மிச்சமும் பூடும். மூட மாட்டேன்."

"அது செத்துச்சின்னா நீ உங்கப்பா வூட்டுக்குப் போயிடு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. செடி செத்தால் சித்தி போய்விடுவாள், அது எனக்கு வேண்டும். ஆனால் அம்மாவின் செடியும் போய்விடும். செடி பிழைத்தால் இவள் இங்கேயே தங்கிவிடுவாள். மாதா படத்துக்கு முன் முழங்கால் போட்டு எதைக் கேட்பது என்று தெரியாமல் மந்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். அத்தை தினமும் தொட்டியை எட்டிப் பார்த்து, "கோலார் ரயிலு காலையிலயா, மத்தியானமா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்பாள். சித்தியின் தகரப் பெட்டி கட்டாமலும் பிரிக்காமலும் மூலையில் இருந்தது.

ஊன்றியதில் பாதி அழுகிப்போயிற்று. சித்தி அழுகியதை எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு வெயில் படும்படி தொட்டியைத் தனியாகவே நகர்த்தினாள். ஒரு காலையில் கணுவில் ஊசி முனை அளவுக்குப் பச்சை தெரிந்தது. முதலில் பார்த்தது நான்தான். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். சித்தி என் அருகில் குந்தினாள்.

"நானும் உங்கம்மாவும் ஊறுகா ஜாடில வளர்த்தோம். அவ வெட்டுவா, நான் கல்லு கட்டுவேன்" என்றாள். நான் 'உம்' என்றேன். நான் அவளிடம் பேசிய முதல் சொல் அதுதான்.

நாடாப் புல் மணலுக்கடியில் கொடி விட்டு, பக்கத்தில் குட்டி போட்டது. தொட்டி பச்சையாக நிறைந்தது. அப்பா அல்சூரிலிருந்து இரண்டு மீன் குஞ்சுகளைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அத்தை ரயிலைப் பற்றிக் கேட்பதை விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு காலையில், வெயில் விழுந்து இலைகளிலிருந்து குமிழி கிளம்பிக்கொண்டிருந்தபோது, சித்தி தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுவதைப் பார்த்தேன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் ஜெயித்துவிட்டாள் என்றே நான் நினைத்திருந்தேன்.

"அதான் எல்லாம் பொழச்சிடுச்சே சித்தி. உன்ன ஊருக்கு அனுப்ப மாட்டாங்க. இன்னும் எதுக்கு அழுவுற?"

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "ஆமாம்மா, எல்லாம் பொழச்சிடுச்சு" என்று சொல்லி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அரிசி களையப் போனாள்.

அந்த வீட்டில் அம்மா செத்துப்போனது எனக்கும் அப்பாவுக்கும்தான் என்று இருந்தேன். அவளுக்கு ஓர் அக்கா செத்துப்போயிருந்தாள் என்பது அப்போது எனக்குப் படவில்லை.